தூண் அதிர்ந்த புதன்கிழமை

காமயகவுண்டன்பட்டி
14-9-1979

அன்புள்ள மருமகள் ராமுத்தாய்க்கு,

கம்பம் பஸ் ஸ்டாண்டில் காலத்தைக் கைப்பிடியில் வைத்திருப்பவனும், ஒரே ஒரு விசிலால் நாற்பத்தேழு வண்டிகளை நடுநடுங்க வைப்பவனும், டைம் கீப்பர்களின் சக்கரவர்த்தியுமாகிய உன் தாய்மாமன் அம்மாவாசி எழுதிக்கொண்டது.

சுருளி அருவி மேல் ஆணையாகச் சொல்கிறேன், இனி நான் எழுதப்போகும் கதையை இந்த உலகத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பமாட்டாய். நம்பாமலே படி.

புதன்கிழமை எனக்கு வார லீவு அல்லவா? அன்று உன் அப்பாவை, என் மச்சான் சீனிச்சாமியை, மதுரை பார்க்க அழைத்துப் போனேன். உன் அப்பா மதுரைக்கு இருநூறு தடவை போனவர்தான். ஆனால் எப்படிப் போனார்? திராட்சைப் பெட்டி ஏற்றிய லாரியில் போவார், மண்டியில் பெட்டியை இறக்குவார், அதே லாரியில் திரும்பிவிடுவார். கோபுரத்தை லாரி மேலிருந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதோடு சரி. "நாளைக்கு மேல போனா மீனாட்சி கேப்பாள்ல மச்சான், என் ஊருக்கு இத்தன தடவ வந்துட்டு என் வாசல மிதிக்காமப் போனியேன்னு" என்று சொல்லித்தான் கிளப்பினேன்.

காலை நாலு ஐம்பது வண்டி. லீவு நாளிலும் நானே விசில் ஊதி நாலு ஐம்பதுக்கே எடுக்கவைத்தேன். உனக்குத்தான் தெரியுமே, மற்ற எதில் வேண்டுமானாலும் அளப்பேன், பஸ் நேரத்தில் மட்டும் பொய் சொல்லமாட்டேன். வண்டி பிந்தி வரலாம். ஆனால் நேரத்துக்கு ஒரு நிமிஷம் முந்திக் கிளம்ப இருபத்திரண்டு வருஷமாக நான் எந்த வண்டியையும் விட்டதில்லை.

மதுரையில் இறங்கியதும் பசி. உன் அப்பா ஐம்பத்திரண்டு இட்லி சாப்பிட்டார். ஐம்பத்து மூன்றாவதுக்குக் கை நீட்டியபோது ஓட்டல்காரர் மாவுச் சட்டியோடு பக்கத்து ஓட்டலுக்கு ஓடினார்.

பிறகு கோவில். கரும்பு தின்ற கல் யானை இருக்கிறதே, அது உன் அப்பா மடியில் வைத்திருந்த பன்னீர்த் திராட்சைக் குலையை மோப்பம் பிடித்துத் தும்பிக்கையை நீட்டியது. "இது மண்டிக்குப் போற சரக்கு"ன்னு சொல்லித் தடுத்துவிட்டார். அந்தக் கோவில் வழக்கப்படி காளியம்மன் மேல் வெண்ணெய் உருண்டை எறிந்தார். எறிந்த வேகத்தில் அம்மன் ஓரடி பின்வாங்கி, "யாருடா அவன், காமயகவுண்டன்பட்டிக்காரனா?" என்று கேட்டதை என் இரண்டு காதாலும் கேட்டேன். ஆயிரங்கால் மண்டபத்தில் தூணுக்குத் தூண் நடந்து எண்ணினார். ஊரே ஆயிரத்துக்குப் பதினைந்து குறைவு என்று சொல்லும். உன் அப்பா எண்ணியபோது ஆயிரத்து ஒன்று வந்தது. இல்லாத பதினாறும் அவரைப் பார்ப்பதற்காக வந்து நின்றனவாம்.

கடைசியாகத் திருமலை நாயக்கர் மகால். கோர்ட்டெல்லாம் அங்கிருந்து காலி செய்துபோன பிறகு இப்போது வழக்காடுவது புறாக்கள் மட்டும்தான். மூன்று ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கவேண்டிய தூணை உன் அப்பா ஒற்றை ஆளாகக் கட்டிப்பிடித்தார். பிடித்தவர், அண்ணாந்து அந்தப் பெரிய கூரையைப் பார்த்தார். அவருக்குள் இருந்த தோட்டக்காரன் முழித்துக்கொண்டான்.

தோட்டத்தில் மற்றவர்கள் கிளி விரட்டத் தகர டின் தட்டுவார்கள். உன் அப்பா மட்டும் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். திராட்சைப் பந்தலுக்கு அடியில் நீ எங்கேயாவது தூங்கிப்போவாய் என்று ஆரம்பித்த பழக்கம். நீ வளர்ந்து பள்ளிக்கூடம் போனாய், மெட்ராசுக்குப் போனாய், அவர் மாற்றவில்லை. நம்ம ஊர்க் கிளிகளுக்கு உன் பெயர் என்றால் சாவு பயம். அந்தக் குரலை எடுத்தார் பார்:

"ராமுத்தாயீ...!"

தூண் அதிர்ந்தது. சுண்ணாம்பு உதிர்ந்தது. ஒன்பதாயிரம் புறா ஒரே நேரத்தில் கிளம்பி, மதுரையே கால்மணி நேரம் இருட்டாகிவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் அடங்கவில்லையாம் ஆத்தா. தூணுக்குத் தூண் முட்டிக்கொண்டு அலைகிறதாம். "அந்தப் பொண்ணு நேர்ல வந்து என்னப்பான்னு ஒரு வார்த்த சொன்னாத்தான் அடங்கும்"னு காவல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆகவே சீக்கிரம் ஒரு நடை வந்து அடக்கிவிட்டுப் போ.

இப்படிக்கு,
காலத்தின் காவலன்,
அம்மாவாசி


மெட்ராஸ்
19-9-1979

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை விடுதியில் எல்லாரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். பக்கத்துக் கட்டில் கிருபாவதி காளியம்மன் பேசிய இடத்தில் சிரித்துப் புரையேறிவிட்டாள். போடிக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், ஆனாலும் காளியம்மன் கட்சிக்கு வந்துவிட்டாள். "ஒங்க மாமாவ எக்ஸ்சேஞ்சுல போட்டா ராங் நம்பருக்கும் கத சொல்லுவாரு" என்கிறாள்.

அப்பா ஊர் சுற்றிப் பார்த்தார் என்பதே எனக்கு நம்பமுடியாத கதைதான். தோட்டத்தை விட்டு ஒரு நாள் நகரமாட்டாரே. நல்ல காரியம் செய்தீர்கள் மாமா.

ஆடியில் நான் கிளம்பும்போது அப்பாவுக்குக் குரல் கம்மியிருந்தது. மயில்துத்த மருந்து கலந்து பந்தலுக்கு அடிக்கும்போது மூக்கில் துணி கட்டுங்கள் என்றால் கேட்பதில்லை. இப்போது தூண் அதிரக் கூப்பிடுகிறார் என்றால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே டெலிபோன் பயிற்சியில் நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் குரலையெல்லாம் கேட்கிறேன். மதுரை, கோயம்புத்தூர், தூத்துக்குடி என்று எந்த ஊர்க்காரர் பேசினாலும் அப்பா மாதிரி ஒரு குரல் இல்லை. 26-ஆம் தேதி புதன்கிழமை உங்களுக்கு லீவுதானே? காலை பத்து மணிக்கு நம்ம ஊர்த் தபால் ஆபீசுக்கு டிரங்க் கால் போடுகிறேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து நில்லுங்கள். மகாலில் கூப்பிட்ட மாதிரி ஒரு தடவை போனில் கூப்பிடச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மருமகள்,
ராமுத்தாய்


காமயகவுண்டன்பட்டி
27-9-1979

அன்புள்ள மருமகளுக்கு,

மகாபாரதத்தில் பதினெட்டு நாள் நடந்த யுத்தம், நேற்று நம் தோட்டத்தில் பத்து மணியிலிருந்து பத்தே காலுக்குள் நடந்து முடிந்தது. அதனால்தான் தபால் ஆபீசுக்கு வரமுடியவில்லை. நீ கூப்பிட்டதாகவும், ஒருத்தரும் வரவில்லை என்று சொல்லி வைத்துவிட்டதாகவும் போஸ்ட் மாஸ்டர் சொன்னார். கோபித்துக்கொள்ளாதே. நியாயத்தைக் கேள்.

நாங்கள் வெள்ளை வேட்டி கட்டி, தலை சீவி, புறப்பட்டு வாசலுக்கு வந்துவிட்டோம். அப்போது மேகமலைப் பக்கமிருந்து ஒரு பச்சை மேகம் இறங்கியது. பதினாறாயிரம் கிளிகள். முன்னால் வந்த ராஜாக்கிளி மூக்கில் கவாத்துக் கத்தரி வைத்திருந்தது. பழுக்கப்போகும் குலைகளை விட்டுவிட்டுப் போனிலா பேசுவார் உன் அப்பா? பந்தலுக்கு அடியில் நின்று ஒரே குரல். அந்த ஒரு குரலில் எட்டாயிரம் கிளி மயங்கி விழுந்தன. மீதி எட்டாயிரம் குமுளி தாண்டி மலையாளம் பேசக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

அந்த யுத்தத்தில் கத்தியதால் மச்சானுக்குத் தொண்டை கொஞ்சம் அலுப்பு. போனில் பேச இப்போதைக்குத் தோதுப்படாது. டிரங்க் கால் வேண்டாம் ஆத்தா. ஆளும் லேசாக இளைத்திருக்கிறார். யுத்தம் என்றால் இளைக்கத்தானே செய்யும். உன்னைப் பார்த்தால் தேறிவிடுவார்.

தோதுப்படும்போது வா.

இப்படிக்கு,
கிளிப்போரில் சாட்சியாக நின்ற
அம்மாவாசி


மெட்ராஸ்
4-10-1979

அன்புள்ள மாமாவுக்கு,

பத்து மணிக்கு லைன் கிடைத்தது. "யாரும் வரல தாயி" என்று போஸ்ட் மாஸ்டர் சொன்னபோது என்னமோ போலாகிவிட்டது. இந்தத் தடவை விடுதியில் யாருக்கும் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டவில்லை.

உங்களிடம் ஒன்று நேராகக் கேட்கிறேன். கிளி வேண்டாம், யானை வேண்டாம். அப்பா நல்லா இருக்காரா?

எனக்குப் பயிற்சி இந்த மாதம் 31-ஆம் தேதி முடிகிறது. நடுவில் லீவு எடுத்தால் அடுத்த பேட்சில் தள்ளிவிடுவார்கள், ஆறு மாதம் வீணாகும். ஆனாலும் அதைப் பற்றி நீங்கள் யோசிக்கவேண்டாம். ஒரு ராத்திரி பஸ்தானே. "வா" என்று ஒரு எழுத்து எழுதிப் போடுங்கள், மற்றது எதுவும் எழுதவேண்டாம். அன்றைக்கே ஏறிவிடுவேன்.

ராமுத்தாய்


காமயகவுண்டன்பட்டி
9-10-1979
(தபால் கார்டு)

மருமகளுக்கு. மச்சான் சௌக்கியம். இன்று இரண்டு தம்ளர் கஞ்சி குடித்தார். பயிற்சியை முடித்துவிட்டு முதல் தேதி காலையில் வந்து இறங்கு. பஸ் ஸ்டாண்டில் மாலையோடு நிற்பேன்.
அம்மாவாசி


மெட்ராஸ்
19-11-1979

மாமாவுக்கு,

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வரும்போது அப்பாவின் நீலக் கறை படிந்த சட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். நேற்று அதை மடிக்கும்போது சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் ஓ.பி. சீட்டு. பெயர் சீனிச்சாமி, வயது 58. தேதி 12-9-79.

புதன்கிழமை மாமா. ஐம்பத்திரண்டு இட்லி தின்ற புதன்கிழமை.

சீட்டில் இங்கிலீஷில் கிறுக்கியிருந்ததைக் கிருபாவதி தன் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவள் அக்கா நர்ஸ். தொண்டையில் புற்றுநோய், முற்றிவிட்டது, ஆபரேஷனுக்கு வழியில்லை என்று எழுதியிருக்கிறதாம். குரல் போய் ஒரு மாதம் ஆகிறது என்றும் எழுதியிருக்கிறதாம்.

குரலே இல்லாத மனுஷன் தூண் அதிரக் கூப்பிட்டார் என்று எழுதினீர்கள். அதை நான் பத்துப் பேருக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தேன்.

தந்தி கிடைத்து மறுநாள் காலை நான் வந்து இறங்கியபோது, வாயைக் கட்டி வைத்திருந்த அப்பாவைத்தான் பார்த்தேன். மாரடைப்பு என்று சொன்னீர்கள். சாவு வீட்டில் பஞ்சம்மாள் சித்தி என் கையைத் தட்டிவிட்டு, "வேலதான் ஒனக்குப் பெருசாப் போச்சா ஆத்தா? மனுசன் வழி பாத்துப் பாத்தே போய்ச் சேந்தாக" என்றாள். அழுகையில் என்னவோ பேசுகிறாள் என்று நினைத்தேன். இப்போதுதான் புரிகிறது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தும் நான் வரவில்லை என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது.

"வா" என்று ஒரு எழுத்து கேட்டேனே மாமா.

ராமுத்தாய்


காமயகவுண்டன்பட்டி
26-11-1979

அன்புள்ள மருமகளுக்கு,

கம்பம் பஸ் ஸ்டாண்டின் சக்கரவர்த்தியும்

மேலே உள்ள வரியை அடித்துவிட நினைத்தேன். இதற்கு முன் நாலு இன்லண்டைக் கிழித்தாயிற்று, ஐந்தாவதை வீணாக்கவில்லை, இருக்கட்டும்.

உன் அப்பாதான் சொல்லவேண்டாம் என்றார். புள்ளைக்குப் பயிற்சி கெடும், வேலை கெடும், நீ எழுதாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். செத்தவர் பேச்சை நான் மீறமுடியுமா? மற்றபடி கடைசி வரைக்கும் கஷ்டப்படாமல்தான் இருந்தார். சாகும் முன்தினம்கூட எழுந்து உட்கார்ந்து அரைப்படி

வேண்டாம். இதோடு நிறுத்துகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மாவாசி


மெட்ராஸ்
2-12-1979

மாமாவுக்கு,

"அரைப்படி" என்று எழுதி நிறுத்தியிருக்கிறீர்கள். அங்கே உங்கள் கை தானாக ஓட ஆரம்பித்துவிட்டது, இல்லையா?

அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டது நீங்கள்தான். வலிக்காமல் இருக்கக் கதை சொல்லிக்கொண்டே பின்னுவீர்கள். அந்தக் கதையில்தான் இப்போது நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். என் அப்பா எப்படிச் செத்தார் என்று எனக்கு இன்னும் தெரியாது மாமா. நீங்கள் சொன்னதுதான் தெரியும்.

ஒரே ஒரு கேள்வி. அப்பா என்னை வரச் சொன்னாரா, வேண்டாம் என்றாரா? வரச் சொல்லியும் நான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே போனாரா?

உண்மையை எழுதுங்கள். எழுதினாலும் நம்புவேனா தெரியாது. எழுதாவிட்டால் நம்ம ஊர்ப் பக்கம் இனி என் கால் படாது. இதுதான் என் கடைசிக் கடிதமாக இருக்கும்.

ராமுத்தாய்


மதுரை
12-12-1979, புதன்கிழமை

ராமுத்தாய்க்கு,

இன்று பழைய கணக்குப்படி எனக்கு வார லீவு. நாலு ஐம்பது வண்டியில் தனியாக வந்தேன். மகாலில் ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். நீ நம்பமாட்டாய். அப்படி என் வாழ்நாள் முழுக்க நானே செய்து வைத்திருக்கிறேன். நம்பாமல் படித்தாலும் சரி, கிழிக்காமல் படி.

அன்று நாங்கள் ஊர் பார்க்க வரவில்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தோம். எட்டு மணிக்கு வரிசையில் நின்றோம். பதினொன்றரைக்கு டாக்டர் உன் அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் சொன்னார், மூன்று மாதம் என்று. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். உன் அப்பாவுக்கு அப்போதே பேச்சு காற்றாகத்தான் வரும். காதைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்கும்.

"என்ன சொன்னாக?" என்றார்.

"நாள்பட்ட சளி மச்சான். நம்ம மலையத்தனை சளி. மருந்து குடுத்தா அருவி மாதிரி..."

"ஏலே, பஸ் டைம் சொல்ற மூஞ்சியோட சொல்லு."

அந்த முகத்தோடு சொன்னேன். மூணு மாசமாம் மச்சான்.

அவர் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார். மயில்துத்த நீலம் நகக்கண்ணில் இருந்தது. பிறகு கேட்டார், "திரும்ப வண்டி எத்தன மணிக்கு?"

"அஞ்சே காலுக்கு."

"அதுவரைக்கும் இங்கன ஒக்காந்து என்ன செய்ய? வா, ஊரப் பாப்போம்."

அப்படித்தான் பார்த்தோம். ஒரு இட்லி வாங்கினோம். சாம்பாரில் ஊறவைத்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பாதிதான் இறங்கியது. கோவிலில் கல் யானையைத் தொட்டுப் பார்த்தார். வெண்ணெய் உருண்டையைக் கையில் வாங்கினார், எறிய மறந்து, அது உருகி முழங்கை வரை ஒழுகியது. ஆயிரங்கால் மண்டபத்தில் பதினோரு தூண் எண்ணினார். பன்னிரண்டாவதில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "மீதிய நீ எண்ணிச் சொல்லு மாப்ளே" என்றார். நான் எண்ணவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மகாலுக்கு வரும்போது மணி மூன்றரை இருக்கும். நான் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்தத் தூணில்தான் அவர் கையை ஊன்றி நின்றார். அப்புறம் நடந்ததைக் கடைசியில் எழுதுகிறேன். உன் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

வரச் சொன்னார். வேண்டாம் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. போன கடிதத்தில் அவர் மேல் பழியைப் போட்டது நான் சொன்ன பொய்களிலேயே கேவலமானது. மகாலை விட்டு இறங்கும்போது படியில் நின்று, "புள்ளைக்கு எழுது. வரச் சொல்லு" என்றார். அதை நேராக எழுத உட்கார்ந்தேன். "அப்பாவுக்கு" என்று எழுதினால் அடுத்த வார்த்தை வரவில்லை. பதினெட்டு வருஷமாக உனக்கு நான் கதைதான் சொல்லியிருக்கிறேன், அழவைக்கும் வேலையை எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. அதனால் "வா" என்பதைக் காவல்காரர் வாயில் போட்டு, புறாவுக்கு நடுவே ஒளித்துவைத்து அனுப்பினேன். உனக்கு எப்படித் தெரியும்?

"எழுதிட்டியா?" என்று தினமும் கேட்டார். எழுதிட்டேன் மச்சான் என்றேன். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

நாலாம் தேதி போட்ட உன் கடிதம் வந்தது. ஒரு எழுத்து கேட்டிருந்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? டைம் கீப்பர் கணக்குப் போட்டேன். டாக்டர் சொன்னது மூன்று மாதம். பன்னிரண்டு செப்டம்பரிலிருந்து பன்னிரண்டு டிசம்பர். உன் பயிற்சி முடிவது முப்பத்தொன்று அக்டோபர். நடுவே நாற்பத்திரண்டு நாள் இருக்கிறது. உன் வேலையும் கெடவேண்டாம், அவரும் உன்னைப் பார்த்துவிடுவார் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வண்டியும் நேரத்துக்கு முந்திக் கிளம்ப நான் விட்டதில்லை. அந்தத் திமிரில் சாவையும் ஒரு வண்டியாக நினைத்துவிட்டேன். டாக்டர் சொன்ன கணக்குப்படி இன்றைக்குத்தான் மூன்று மாதம் முடிகிறது.

தீபாவளிக்கு முந்தின வாரம் தண்ணீர்கூட இறங்கவில்லை. அப்போது தந்தி கொடுத்திருக்கவேண்டும். விடியட்டும், விடியட்டும் என்று தள்ளினேன். அவர் காலையில் கண்ணைத் திறந்ததும் வாசலைப் பார்ப்பார். "லீவு கெடச்சிருச்சு மச்சான், கெளம்பிட்டா" என்றேன். மறுநாள், "மழையில வண்டி நின்னுருச்சாம்" என்றேன். அவர் நம்பினார். நான் யானை பறந்தது என்றால் நம்பமாட்டார், ஆனால் பஸ் விஷயத்தில் என் பேச்சை அவர் சந்தேகப்பட்டதே இல்லை.

இருபத்திரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணி. மூச்சு இழுக்க ஆரம்பித்தது. என் விரலைப் பிடித்துக்கொண்டு வாயை அசைத்தார். காதை வைத்தேன்.

"எங்கன வருது?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன் ஆத்தா. பழக்கம். பார்த்துவிட்டு, பஸ் நேரம் சொல்கிற முகத்தோடு சொன்னேன், "வண்டி ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏறிருச்சு மச்சான்."

கண்ணை மூடிக்கொண்டார். கால் மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். "தேனி வந்துருச்சு. அஞ்சு நிமிசம் நிக்கும்" என்றேன். தலையை அசைத்தார். அப்புறம் வீரபாண்டி. அப்புறம் சின்னமனூர். மெட்ராஸ் வண்டி எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வருமோ அந்தந்த நேரத்துக்குத்தான் சொன்னேன். ஒரு நிமிஷம்கூட முன்னே பின்னே இல்லை. பஞ்சம்மாள் கால்மாட்டில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் உன்னைத் திட்டியது அதனால்தான். நீ ஏறாத வண்டி என்று அவளுக்கு நான் சொல்லவில்லை.

ஏழே காலுக்கு, "உத்தமபாளையம் வந்துருச்சு மச்சான். அடுத்தது கம்பந்தான்" என்றேன். விரலை ஒரு தடவை அழுத்தினார். கம்பம் என்று சொல்ல அவசியம் ஏற்படவில்லை.

நீ கேட்டதற்கு இதுதான் பதில். உன்னை வரச் சொன்னார். நீ வரவில்லை என்று நினைத்துக்கொண்டு போகவில்லை. நீ உத்தமபாளையத்தில் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு போனார். அது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் கிடையாது. பஞ்சம்மாளிடமும், தெருவில் கேட்ட நாலு பேரிடமும் நேற்று உண்மையைச் சொல்லிவிட்டேன். உன் மேல் தப்பில்லை, இந்த அம்மாவாசி மேல்தான் என்று. பஞ்சம்மாள் என் முகத்தில் முழிப்பதில்லை என்று சொல்லிவிட்டாள். நீயும் அப்படியே சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். போன வாரமே பஸ் ஸ்டாண்டில் விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வண்டி வரும் நேரத்தை யாராவது கேட்டால் இப்போது எனக்குச் சொல்ல வரவில்லை.

மகாலில் நடந்ததை எழுதிவிட்டு முடிக்கிறேன்.

கூரையை அண்ணாந்து பார்த்தவர், "இம்புட்டு ஒசரத்துக்குக் கட்டிருக்கானே, இங்கன நின்னு கூப்புட்டா எம்புட்டு தூரம் கேக்கும்?" என்றார். தூணில் கையை ஊன்றினார். மூச்சை இழுத்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கினால் வரும் காற்று மாதிரிதான் வந்தது. ஒரு அடி தள்ளி நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் என்ன கூப்பிட்டார் என்று தெரிந்துகொண்டேன். தோளெல்லாம் நடுங்க, வேர்த்துக் கொட்ட, என் பக்கம் திரும்பி, "கேட்டுச்சா மாப்ளே?" என்றார்.

"தூணே அதிருது மச்சான்" என்றேன்.

சிரித்தார். அதற்குப் பிறகுதான் உனக்கு எழுதச் சொன்னார்.

ஆகவே முதல் கடிதத்தில் எழுதிய இட்லி பொய். யானை பொய். வெண்ணெய் பொய். ஆயிரத்து ஒன்று பொய். காவல்காரர் பொய். தூண் அதிரவில்லை, சுண்ணாம்பு உதிரவில்லை, தலைக்கு மேலே இருந்த புறா ஒன்றுகூடக் கழுத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

உன்னைக் கூப்பிட்டார். அது மட்டும் நிஜம்.

அம்மாவாசி